முதியோர் சங்கமும் கட்சிச் சாயமும்

முதியவர்களுக்காகச் சங்கம் வைத்திருப்பவர்கள்கூட வலதுசாரி, இடதுசாரி என்று பிரிந்து நிற்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு என்பது, நாகர்கோவிலில் ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களிலேயே பழகிவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு முதலில் வியப்பாகத்தான் இருக்கும். அங்குள்ள முதியோர் அமைப்புகளில் மிகப் பெரியது ஏ.ஏ.ஆர்.பி. ஓய்வுபெற்ற பள்ளித் தலைமை ஆசிரியையான எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் 1958-இல் தொடங்கிய அந்த அமைப்பில் இன்று ஏறத்தாழ 3.8 கோடிப் பேர் இருக்கிறார்கள். தான் எந்தக் கட்சியையும் சாராதது என்று அது சொல்லிக்கொண்டாலும், ஜனநாயகக் கட்சியின் பக்கமே அது சாய்கிறது என்பது பழமைவாதிகளின் நெடுநாளைய குற்றச்சாட்டு. அந்த மனக்குறையை நம்பி எழுந்தவைதான் 1992-இல் தோன்றிய சிக்ஸ்டி பிளஸ் அசோசியேஷனும், 2007-இல் டான் வெபர் தொடங்கிய ஏமாக் என்ற அசோசியேஷன் ஆஃப் மெச்சூர் அமெரிக்கன் சிட்டிசன்ஸ் அமைப்பும்.

இவற்றின் கொள்கையைவிட இவை நடக்கும் விதம்தான் என் கவனத்தை அதிகம் ஈர்த்தது. முதியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தர நிறுவனங்கள் தயங்கிய காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு அதைப் பெற்றுத்தர ஆண்ட்ரஸ் அம்மையார் எடுத்த முயற்சியே ஏ.ஏ.ஆர்.பி.யின் வித்து. இன்றைக்கு அந்த அமைப்புக்கு உறுப்பினர் சந்தாவில் கிடைக்கும் பணத்தைவிட, அதன் பெயரைப் பயன்படுத்திக் காப்பீடு விற்கும் நிறுவனம் கொடுக்கும் உரிமத்தொகை அதிகம். ஏமாக்கைத் தொடங்கிய வெபரும் காப்பீட்டுத் தொழிலிலிருந்து வந்தவரே. அதுவும் சந்தா வாங்குகிறது, காப்பீட்டுக்கு வழிகாட்டுகிறது, விடுதிக் கட்டணத்தில் தள்ளுபடி பெற்றுத்தருகிறது, பத்திரிகை அனுப்புகிறது. எதிராளியின் கடைக்கு நேர் எதிரே அதே சரக்கோடு திறந்த கடை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது; பெயர்ப்பலகையின் நிறம் மட்டும் வேறு. ஒபாமா ஆட்சியில் 2010-இல் சட்டமான மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை ஏ.ஏ.ஆர்.பி. ஆதரித்ததால் வெறுத்து வெளியேறிய உறுப்பினர்கள் பலருக்குப் புதிய கடை தயாராக இருந்தது. தனக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு என்கிறது ஏமாக்.

சிக்ஸ்டி பிளஸ் பெரிதும் எதிர்த்தது வாரிசுகளுக்குப் போகும் சொத்தின் மீதான வரியை. நம் நாட்டில் அத்தகைய வரி 1985-லேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதால், மகனுக்கு எழுதிவைக்கப்போகும் ரப்பர் தோட்டத்துக்கு அரசாங்கம் பங்கு கேட்கும் என்ற பயம் இங்கே யாருக்கும் இல்லை. அமெரிக்காவிலும் ஒரு கோடி டாலரை வெகுவாகத் தாண்டிய சொத்துகளுக்குத்தான் அந்த வரி இப்போது பொருந்துகிறது. அப்படியிருக்க, சராசரி முதியவரின் கோரிக்கையாக அதை முன்வைப்பதில் நான் நேர்மையைக் காணவில்லை. இன்னொரு முரணும் உண்டு. அரசு சுருங்க வேண்டும் என்று பேசும் இவர்களின் உறுப்பினர்கள், 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தையும் 1965-இல் வந்த மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டையும் நம்பியே வாழ்கிறார்கள். 2005-இல் சோஷியல் செக்யூரிட்டியின் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டுக் கணக்குகளாக மாற்ற அதிபர் புஷ் முனைந்தபோது, அதை ஆதரிக்க வலதுசாரி முதியோர் அமைப்புகள் முன்வந்தும் திட்டம் தேறவில்லை. கொள்கை வேறு, மாதம் பிறந்தால் வங்கிக்கு வரும் பணம் வேறு என்பதில் எல்லா நாட்டுக் கிழவர்களும் ஒரே கட்சிதான்.

நம் மாவட்டத்தில் பழமைப் பற்றுள்ள முதியவர்களுக்குப் பஞ்சமில்லை. கலப்புத் திருமணம், மதுக்கடை, பிள்ளைகளின் போக்கு ஆகியவற்றைப் பற்றி மார்த்தாண்டத்துச் சபை மூப்பரும், சுசீந்திரத்துக் கோயில் கமிட்டிக்காரரும், தக்கலைப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வரும் பெரியவரும் பேசுவதைத் தனித்தனியே கேட்டால் பேச்சு ஒன்றுபோலவே இருக்கும். ஆயினும் அந்த மூவரையும் ஒரே பழமைவாதச் சங்கத்தில் உட்காரவைக்க முடியாது. அவரவர் பழமை அவரவர் மதத்தோடு கட்டுண்டது, வாக்கும் வெவ்வேறு சின்னத்துக்குப் போகிறது. அவர்கள் அருகருகே உட்காருவது ஓய்வூதியர் சங்கத்தில் மட்டும்தான். அங்கே அகவிலைப்படி நிலுவை, பணமில்லாச் சிகிச்சைக்கு மறுத்த மருத்துவமனை, உயிரோடிருப்பதைக் காட்டும் கருவூலத்து ஆண்டு நேர்காணலுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவர், இறந்தவரின் மனைவிக்கு வந்துசேராத குடும்ப ஓய்வூதியம் ஆகியவையே பேச்சு. யாராவது தேர்தலைத் தொட்டால், ரெக்சின் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தபடியே பொருளாளர், "அதை வெளியே டீக்கடையில வச்சுக்கிடுவோம் சார், மொதல்ல சந்தாவைக் குடுங்க" என்று அடக்கிவிடுவார். ஓய்வூதியம் அரசு விருப்பப்பட்டுத் தரும் கொடை அன்று என்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-இல் தீர்ப்பளித்த நாளை, ஓய்வூதியர் நாளாக எல்லாக் கட்சிக்காரர்களும் சேர்ந்தே கொண்டாடுகிறோம்.

இந்த ஒற்றுமையை மெச்சிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. கட்சிச் சாயம் பூசிய முதியோர் சங்கம் இங்கே வருவதையும் நான் விரும்பவில்லை. ஆனால் அமெரிக்கச் சங்கங்களிடம் இருக்கும், நம்மிடம் இல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே 50 வயது நிரம்பியவர் எந்தத் தொழில் செய்தவராக இருந்தாலும் உறுப்பினராகலாம். நம் சங்கங்களிலோ அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றதற்கான ஆணை இல்லாதவருக்கு இடமில்லை. அரசு ரப்பர் கழகத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர்களுக்கும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தே விரல் கறுத்த பெண்களுக்கும் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாயாகவே நிற்கிறது. குளச்சலில் வலை இழுத்து ஓய்ந்த முதியவர் முதியோர் உதவித்தொகையை நம்ப வேண்டும். அது 2023-இல்தான் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இவர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க எங்கள் சங்கத்தின் துணைவிதியில் இடமில்லை என்று செயலாளர் சொல்கிறார். அந்தத் துணைவிதியை மாற்றி, அறுபது வயது நிரம்பிய எவரையும் இணை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய இன்னும் ஆள் கிடைக்கவில்லை.