கூண்டு ஏறிய வாரம்

நவம்பர் 25, 2024, திங்கள்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். கடலூரில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மீனவர்களுக்குப் போனில் கடல் வானிலை சொல்வது என் வேலை. இந்த வெயிலில் நின்றுகொண்டு 'கடலுக்குப் போகாதீங்க' என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

அப்ரைசல் படிவம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். 'தகவல் தொடர்புத் திறன்: உங்களுக்கு நீங்களே பத்துக்கு எத்தனை தருவீர்கள்?' போன வருடம் மேடம் எழுதியிருந்தது: 'கூட்டங்களில் வாய் திறப்பதில்லை.' உண்மைதான். ஸ்லைடு ஓடுகிற அறையில் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தாழங்குடா மீனவர்களிடமிருந்து போன் வந்தால் அரை மணி நேரம் பேசுவேன். அது எந்தக் கட்டத்தில் வரும்?

நவம்பர் 27, புதன்

புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. சவுதி அரேபியா கொடுத்த பெயர் மட்டும் தயாராக இருக்கிறது: ஃபெஞ்சல்.

நவம்பர் 28, வியாழன்

புதிதாகச் சேர்ந்த தம்பி துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றிக் கேட்டான். மொத்தம் 11. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் ஆபத்து. அப்போ பதினொன்று அதைவிட மோசமா என்றான். இல்லை, எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் ஏற்றுவது அது. தொடர்பு இல்லை என்பதையும் ஊரறியச் சொல்வதற்கு ஒரு எண் வைத்தவர் கெட்டிக்காரர். கூட்டங்களில் எனக்கொரு கூண்டு கொடுத்தால் பதினொன்றை நானே ஏற்றிவிடுவேன்.

நவம்பர் 29, வெள்ளி

காலை அறிக்கையில் புயலாக வாய்ப்புக் குறைவு, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்று இருந்தது. அப்படியே சொன்னேன். மத்தியானம் இரண்டரைக்குப் புயலாகிவிட்டது.

சோனங்குப்பத்திலிருந்து ஒருவர்: "ஏம்மா, காலையில புயல் இல்லன்னு சொன்னியே?"

இல்லை என்று நான் சொல்லவில்லை. பதிவைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன், 'வாய்ப்புக் குறைவு' என்றுதான் இருக்கிறது. ஆனால் பைபர் படகை மேட்டுக்கு இழுத்துக்கொண்டே காதில் போனை வைத்துக் கேட்பவருக்கு 'வாய்ப்பு' எல்லாம் காற்றோடு போய்விடும். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சாயங்காலச் செய்தியை மாற்றிவிட்டேன். முதல் வரி: கடலுக்குப் போகாதீங்க, படகையும் வலையையும் மேலே ஏத்துங்க. அடுத்தது காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம். பிறகு, 'இது மாறலாம், ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பச் சொல்றேன்.' புயல் பெயர் கடைசியில். 'வணக்கம், இது எங்கள் நிறுவனம் வழங்கும்' என்ற முன்னுரையைத் தூக்கிவிட்டேன்.

மேடத்திடமிருந்து செய்தி: 'நிறுவனத்தின் பெயர் எங்கே?'

ஒன்பது மணிக்குச் சொன்னேன். புதிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் சொன்னேன்.

நவம்பர் 30, சனி

கரண்ட் இல்லை. போனில் 14 சதவீதம். புதுச்சேரிப் பக்கம் கரை கடந்துகொண்டிருக்கிறது. ஜன்னலுக்குத் துணி அடைத்து அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். படிவம் கொடுக்கக் கடைசி நாள் இன்று. யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

கடந்தது நகரவில்லை. புதுச்சேரி மேலேயே நின்று கொட்டுகிறது.

"கடந்துருச்சுல்ல, நாளைக்குப் போலாமா?"

"வேணாம்ணே."

"ஏன்?"

"இன்னும் இங்கதான் நிக்குது."

இதைவிட நல்ல பதில் எனக்கு வராது.

டிசம்பர் 2, திங்கள்

விடியற்காலையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறப்பு. தென்பெண்ணைக் கரையிலிருந்து விடாமல் போன். கடல் எங்கள் வேலை, ஆறு இல்லை. அதைச் சொல்லி வைக்கவா முடியும்?

நாணமேட்டுக்காரர் ஒருவர்: "எங்க தெரு வரைக்கும் வருமாம்மா?" கன அடியைச் சொன்னேன். "அதெல்லாம் சரி, எங்க தெருவுக்கு வருமா?"

"2021-ல வந்தப்ப உங்க வீட்டுல எதுவரைக்கும் தண்ணி?"

"திண்ணை வரைக்கும்."

"இது அதைவிடப் பெருசுண்ணே. இப்பவே கிளம்புங்க. மாட்டை முதல்ல அவுத்து விடுங்க."

போன் வைக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அப்புறம் வந்த எல்லோரிடமும் முதலில் 2021-ஐத்தான் கேட்டேன். பெரியகங்கணாங்குப்பத்தில் சாலையில் தண்ணீர், புதுச்சேரிக்குப் போக வழியில்லை. தொண்டை கட்டிவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

சுக்குக் காபி. குரல் தவளை மாதிரி.

நாணமேட்டுக்காரர் கூப்பிடவில்லை. நான் இரண்டு தரம் முயன்றேன், ஸ்விட்ச் ஆஃப்.

மேடம் அழைத்தார். வியாழக்கிழமை ஆன்லைன் கூட்டம், களத்தில் நடந்ததை நானே பேச வேண்டுமாம், பத்து நிமிடம், ஸ்லைடோடு. சரி என்றேன். கேமராவை அணைத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாதாம்.