ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை குண்டு

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில், விடியற்காலை ஐந்து மணிக்கு, ராணுவ ஆள்சேர்ப்பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்திற்காகப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் சிலருக்கு நான் வழிகாட்டி வருகிறேன். ஓடி முடித்து மணலில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர், "சார், எந்தத் துப்பாக்கி சார் பெஸ்ட்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அவர்கள் கைப்பேசி விளையாட்டில் பார்த்த துப்பாக்கிகளுக்கு எடை கிடையாது. இருபத்து நான்கு ஆண்டுகள் காலாட்படையில் இருந்த எனக்கோ, துப்பாக்கி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தோள்பட்டைதான்.

நான் 1989இல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் சேர்ந்தபோது கையில் கொடுக்கப்பட்டது, குழல் விட்டம் 7.62 மில்லிமீட்டர் கொண்ட எஸ்.எல்.ஆர். என்னும் தானே குண்டேற்றும் துப்பாக்கி. குண்டு போடாமலேயே நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். தொண்ணூறுகளின் இறுதியில் அதன் இடத்துக்கு 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் வந்தது. அதுவும் ஏறத்தாழ நான்கு கிலோதான். இன்னும் பின்னோக்கிப் போனால், 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இதே தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டைக்கு வந்து கும்பினிப் படையை ஒழுங்குபடுத்திய காலத்தில், சிப்பாய் தூக்கிய ஒற்றைக் குண்டு மஸ்கட்டும் நாலரைக் கிலோவை ஒட்டியே இருந்தது. ஆக, நெடுங்காலமாகத் துப்பாக்கியின் எடை பெரிதாக மாறவில்லை. மிகவும் இலேசாகச் செய்தால் சுடும்போது தோளை உதைக்கும், குறி விலகும் என்பதால், அந்த நான்கு கிலோவில் ஒரு பகுதி தேவையான எடையே. உண்மையான கணக்கு துப்பாக்கியைச் சுற்றி நாம் சேர்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

எஸ்.எல்.ஆர். குண்டு ஒன்று சுமார் 24 கிராம். இன்சாஸ் குண்டு சுமார் 12 கிராம். நூறு குண்டுகளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். இன்சாஸ் வந்தபோது நாங்கள் உண்மையாகவே மகிழ்ந்தோம். உதை குறைவு, புதிதாகச் சேர்ந்தவனும் விரைவில் குறிபார்க்கப் பழகிவிடுவான், மேகசினின் பிளாஸ்டிக் வழியாக எத்தனை குண்டு மீதம் என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் மிச்சமான அந்த எடை எங்கள் முதுகில் காலியாகவே இருக்கவில்லை. குண்டுகளின் எண்ணிக்கை கூடியது. வயர்லெஸ் பேட்டரி வந்தது. இரவில் பார்க்கும் கருவி வந்தது. குண்டு துளைக்காத ஜாக்கெட் வந்தது. அந்தக் கால ஜாக்கெட் மட்டுமே பத்துக் கிலோ அளவுக்கு இருந்தது. முதுகுப்பையை இந்தியில் சொல்வதை ஒட்டி நாங்கள் 'பிட்டு' என்போம். பிட்டுக்கு மண் சுமந்த சொக்கநாதரைப் பற்றிப் பாட்டி சொல்லி வளர்ந்த எனக்கு, பிட்டையே சுமக்கும் இந்த வேலையில் அந்தக் கதை அடிக்கடி துணைக்கு வரும்.

வீரன் சுமக்கும் எடை அவன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது படைகளில் நெடுநாளாகப் பேசப்படும் அளவு. அறுபது கிலோ உடம்புக்கு இருபது கிலோ. துப்பாக்கி, குண்டுகள், ஒவ்வொன்றும் முக்கால் கிலோவை ஒட்டிய '36ஆம் எண்' வகைக் கைக்குண்டுகள் இரண்டு, ஜாக்கெட், தண்ணீர் என்று கூட்டினாலே அந்த எல்லை வந்துவிடும். உணவும் கம்பளியும் அதற்கு மேல். எல்.எம்.ஜி. எனும் இலகு இயந்திரத் துப்பாக்கியைத் தூக்குபவனுக்கு இந்தக் கணக்கு தொடங்கும் இடமே வேறு. பழைய 7.62 எல்.எம்.ஜி. குண்டு நிரம்பிய மேகசினோடு ஒன்பது கிலோவைத் தாண்டும். பழைய 84 மில்லிமீட்டர் ராக்கெட் லாஞ்சர் பதினான்கு கிலோ. அதன் ஒவ்வொரு குண்டும் மூன்று கிலோ அளவு. ஒரு செக்‌ஷனில் பத்துப் பேர் இருந்தால், யார் எதைத் தூக்குவது என்று பிரித்துக் கொடுப்பதுதான் செக்‌ஷன் கமாண்டரின் முதல் வேலை. அந்த வேலையில் நான் ஒருமுறை தவறினேன்.

காஷ்மீரின் குப்வாராப் பகுதியில், இரவு முழுக்க ஏறி, விடிவதற்குள் ஒரு மலைச்சரிவில் பதுங்கி அமர வேண்டிய பணி. சண்டை நீண்டால் குண்டு போதாமல் போய்விடக்கூடாது என்ற அச்சத்தில், ஒவ்வொருவருக்கும் வழக்கத்தைவிட நூறு குண்டுகள் கூடுதலாகக் கொடுத்தேன். எடையைச் சரிக்கட்டத் தண்ணீரை ஒரு பாட்டிலாகக் குறைத்தேன். நான்காவது மணி நேரத்தில், எல்.எம்.ஜி. தூக்கிவந்த பண்ருட்டிப் பக்கத்துத் தம்பிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அவன் பாட்டில் எப்போதோ காலி. "ஒண்ணுமில்லண்ணே, போயிடலாம்" என்றான். எழுந்து நிற்க முடியவில்லை. அவனுடைய ஆயுதத்தை நான் வாங்கிக்கொண்டு என் துப்பாக்கியை அவனிடம் கொடுத்தேன். செக்‌ஷனின் முக்கியமான ஆயுதம் அதைப் பழகியவன் கையைவிட்டுப் போன அந்த நிமிடமே எங்கள் பலம் பாதியாகிவிட்டது. இடத்தை அடையும்போது நாற்பது நிமிடம் தாமதம். அன்று எதிரி வரவில்லை. மறுநாள் திரும்பியபோது ஒரு குண்டும் செலவாகியிருக்கவில்லை. ஒருவரிடமும் ஒரு வாய் தண்ணீர் இல்லை.

அதன் பிறகு எடையைக் கிலோவில் நினைப்பதை விட்டுவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் என்பது எஸ்.எல்.ஆர். என்றால் நாற்பது குண்டு, ஏ.கே. 47 என்றால் அறுபது குண்டு, இன்சாஸ் என்றால் எண்பது குண்டு. ஒவ்வொரு ரோந்துக்கு முன்பும் தரையில் விரிப்பைப் போட்டு, பத்துப் பேரின் பொருள்களையும் வெளியே எடுத்துவைத்து, இந்தக் கணக்கில்தான் கூட்டிக் குறைப்பேன்.

சிறிய குண்டு எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்தினாலும் போதும், அவனைத் தூக்க இன்னும் இரண்டு பேர் போவார்கள் என்று எங்கள் வகுப்புகளில் சொல்வார்கள். காயம்பட்டவனை விட்டுவிட்டு ஓடும், அல்லது காயத்தோடு சுட்டுக்கொண்டே இருக்கும் தீவிரவாதியிடம் அந்த வாதம் செல்லவில்லை. மண் சுவருக்கும் மரக்கட்டைக்கும் பின்னால் இருப்பவனை எட்டவும் பெரிய குண்டே உதவியது. 2019இல் 72,400 சிக் (SIG) 716 துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தம் போடப்பட்டது, அவற்றின் குண்டு 7.62க்கு 51 அளவு (விட்டமும் உறையின் நீளமும் மில்லிமீட்டரில்), அதாவது எஸ்.எல்.ஆரின் அதே குண்டு. அமேதிக்கு அருகே கோர்வாவில் தயாராகும் ஏ.கே. 203 துப்பாக்கியோ 7.62க்கு 39, இடைப்பட்ட எடை. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் சிக் தூக்கும் வீரனுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் மறுபடியும் நாற்பது குண்டாகிவிட்டது என்பதை அவனுடைய கமாண்டர் மறக்கக்கூடாது.

சென்ற மாதம் மஞ்சக்குப்பத்து இரும்புக் கடையில், பன்னிரண்டு கிராம் அளவில் கொஞ்சமும் இருபத்து நான்கு கிராம் அளவில் கொஞ்சமுமாக போல்ட்டுகள் வாங்கினேன். கடற்கரையில் மீன் விற்கும் அக்காவிடம் தராசை வாங்கி, ஒரு தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து, மறுதட்டில் பிள்ளைகளையே எண்ணிப் போடச் சொன்னேன். பெரிய போல்ட் நாற்பதுக்கு ஓரிரண்டு கூடுதலாகப் போட்டதும் தட்டு சமமானது. சிறியதில் எண்பதைத் தாண்ட வேண்டியிருந்தது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை இருபது கிலோ பையோடு கெடிலம் முகத்துவாரம் வரை மணலில் நடந்து திரும்பப்போகிறோம். அந்த இருபது கிலோவில் எவ்வளவு போல்ட், எவ்வளவு தண்ணீர் என்பதை அவரவரே முடிவுசெய்து கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.