ஊசியா, கண்ணா?

அக்கா மகளுக்கு என் பழைய கேமராவையும் ஒரு 50 மி.மீ. லென்ஸையும் கொடுத்திருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு படம் அனுப்பினாள். என் அம்மா, அதாவது அவள் பாட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறார். நான் ஏதோ வேலையில் இருந்தேன். பார்த்த கையோடு பதில் போட்டேன்: "ஊசி ஷார்ப்பா இல்ல. ஜன்னல் வெளுத்துப்போச்சு. அடுத்த தடவை கவனிச்சு எடு."

"சரி மாமா" என்று வந்தது. அதற்குப் பிறகு நாலு மாதம் அவளிடமிருந்து ஒரு படம்கூட வரவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஊசி கலங்கித்தான் இருந்தது, ஜன்னல் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அது இரண்டும் அவள் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். ஏன் அப்படி ஆனது, எதை மாற்றினால் சரியாகும் என்பதுதான் அவளுக்குத் தெரியாதது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கவனிச்சு எடு" என்பதை வைத்துக்கொண்டு கேமராவில் எதைத் திருப்ப முடியும்?

அவளிடமிருந்து படம் வராதது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

படம் தெளிவாக இல்லை என்றால் அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். மூன்றும் மூன்று விதமாகத் தடயம் விட்டுப் போகும். படம் முழுக்க எல்லாப் பொருளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுற்றியிருப்பதெல்லாம் தெளிவாக இருந்து அசைந்த பொருள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர், அதாவது வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் கதவு, போதிய வேகத்தில் மூடவில்லை. எங்கோ ஓரிடம் பளிச்சென்று தெளிவாக இருந்து, நாம் பார்க்க நினைத்த இடம் மட்டும் கரைந்திருந்தால் ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. "ஷார்ப்பா இல்ல" என்று சொல்லி நிறுத்தினால், எடுத்தவர் தேவையே இல்லாமல் கேமராவை நிறுத்தும் முக்காலி ஒன்றை வாங்கப் போய்விடுவார்.

இந்தப் படத்தில் அம்மாவின் கண்ணாடி விளிம்பில் இருந்த சின்னக் கீறல்கூடத் தெரிந்தது. ஆக, கை ஆடவில்லை. படத்தோடு பதிவாகியிருந்த விவரங்களைப் பார்த்தேன்: எஃப் 1.8 (லென்ஸ் துளையின் அளவு, அதாவது அபெர்ச்சர்; எண் சிறியதானால் துளை பெரிது), ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 200. அந்த அபெர்ச்சரில், முழு அளவு சென்சார் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவில் படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவில், ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் நாலு சென்டிமீட்டர் சொச்சம்தான். அம்மா ஊசியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். கேமரா தானாக முகத்தைக் கண்டுபிடித்து அங்கே ஃபோகஸ் செய்துவிட்டது, ஊசி அந்த நாலு சென்டிமீட்டருக்கு வெளியே நின்றுவிட்டது. துளையைச் சுருக்கி எஃப் 4 வைத்திருந்தாலும் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர்தான் கிடைத்திருக்கும், வெளிச்சம் குறைவதால் அதற்கே ஐஎஸ்ஓவை 1000 வரை ஏற்ற வேண்டும். கண்ணும் ஊசியும் இரண்டுமே தெளிவாக வராது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எதை என்று நான் முடிவு செய்ய முடியாது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்தப் படத்துல உனக்கு எதுடா முக்கியம்? பாட்டி கண்ணா, ஊசியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னாள்: "ஊசிதான் மாமா. நூல் உள்ள போற வரைக்கும் பாட்டி மூச்சே விடல. அதைத்தான் எடுக்கணும்னு நெனச்சேன்."

இதை நான் நாலு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். ஒரு படத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன், அதை எடுத்தவர் அங்கே எதைப் பார்த்து நின்றார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் நாம் சொல்வதெல்லாம் நம் மனதில் இருக்கும் வேறொரு படத்தைப் பற்றித்தான்.

எனக்கே இது நடந்திருக்கிறது. புகைப்படம் எடுக்கத் தொடங்கிய புதிதில் ஒரு கூட்டத்தில் என் மழைப் படம் ஒன்றைத் திரையில் போட்டார்கள். அனுபவசாலி ஒருவர் எழுந்து, "இடது பக்கம் காலியா கிடக்கு" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் அதை வெட்டிக் காட்டினார். படம் கச்சிதமாகத்தான் ஆனது. ஆனால் அவர் வெட்டிய இடத்தில்தான் தரையில் தேங்கிய தண்ணீரில் ஒரு குடை தலைகீழாகத் தெரிந்தது. நான் நனைந்துகொண்டே அந்த இடத்தில் நின்றது அதற்காகத்தான். அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றும் யாருடைய படத்தையும் அவரைக் கேட்காமல் நான் வெட்டுவதில்லை, நிறம் மாற்றுவதில்லை.

இப்போது நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படம் பார்க்கிறோம். ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படம் திரையில் வந்ததும் எடுத்தவர் பேசக் கூடாது. மற்றவர்கள், கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது என்று மட்டும் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது எதுவும் அப்போது கிடையாது. ஒருமுறை நண்பர் ஒருவர், கடற்கரையில் தன் மகன் அலையைப் பார்த்து ஓடும் படத்தைப் போட்டார். முதல் ஆள் "மஞ்சள் வாளி" என்றார். இரண்டாவது ஆளும் "வாளி, அப்புறம் பையன்" என்றார். மூன்றாவது ஆளும் வாளி. படத்தின் மூலையில் பளீரென்று ஒரு பிளாஸ்டிக் வாளி கிடந்தது. எடுக்கும்போது அப்படி ஒன்று இருந்ததே நண்பருக்குத் தெரியவில்லை. அப்பாவின் கண் மகன் மேல்தானே இருக்கும். யாரும் குறை சொல்லவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் படங்களின் ஓரங்களைப் பார்த்தால் துடைத்துவிட்டது போல இருக்கின்றன.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கியமானதை நட்ட நடுவில் வைக்காமல், படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோட்டில் வை என்பதுதான் அது. யார் படம் காட்டினாலும் "ஆளை ஓரமா வை" என்பவர் ஒருவர் எங்கும் இருப்பார். அந்தப் பெயரை 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது வைத்தார். அன்றைக்குக் கேமராவில் எடுத்த படம் என்று ஒன்று கிடையாது. நல்ல யோசனைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நேருக்கு நேர் நம்மை வெறித்துப் பார்க்கும் ஒரு முகத்தை ஓரத்துக்குத் தள்ளினால் அந்தப் பார்வையின் வேகம் போய்விடும். கலங்கலும் அப்படித்தான். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸோன் 1932-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தில், தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர் தெளிவாக இல்லை. கால் தண்ணீரைத் தொடப்போகும் அந்த நொடி அந்தக் கலங்கலில்தான் இருக்கிறது.

இன்னொன்று, எதைச் சொல்வது எதை விடுவது என்பது. சாய்ந்த தொடுவானத்தைப் போனிலேயே பத்து நொடியில் நிமிர்த்தலாம். கொஞ்சம் இருட்டாக இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். இவற்றை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எடுத்தவர் எங்கே நின்றார், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது, எந்த நொடியில் அழுத்தினார், தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறதா என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு மாற்ற முடியாதவை. பேச்சு அங்கே இருக்க வேண்டும். அதிலும் ஒரு படத்துக்கு ஒன்று போதும். ஆறு குறை கேட்டவர் ஆறையும் மறந்துவிடுவார், மனசு நொந்தது மட்டும் நினைவில் நிற்கும்.

பாராட்டும் இப்படித்தான். "சூப்பர்" என்றால் கேட்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் திரும்பச் செய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. "நாய் உயரத்துக்குக் குனிஞ்சு எடுத்திருக்கீங்க, அதனாலதான் அது நம்மளப் பார்க்குது" என்றால், அவர் அடுத்த முறையும் குனிவார்.

சரி, அக்கா மகளுக்கு வருகிறேன். முகத்தைத் தேடும் ஃபோகஸை அணைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளியை வைத்து அதை ஊசி முனையில் நிறுத்தச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அதே நாற்காலி, அதே ஜன்னல், அம்மாவும் பேத்திக்காக மறுபடி ஒரு சட்டைப் பொத்தானைத் தைக்க உட்கார்ந்தார். பதினேழு படம் எடுத்ததில் ஒன்றை அனுப்பினாள்.

நூலின் நுனியில் பிரிந்து நிற்கும் இழைகூடத் தெரிகிறது. பின்னால் அம்மாவின் முகம் மென்மையாகக் கலைந்திருக்கிறது, ஆனால் உதடு உள்ளே மடிந்து அழுந்தியிருப்பது தெரிகிறது. மூச்சுப் பிடித்திருக்கிறார். அம்மாவை எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன், இப்படி ஒன்று என்னிடம் இல்லை. அதை அப்படியே அவளுக்கு எழுதினேன். இரண்டு விரலும் ஃப்ரேமுக்குள் முழுசாக வரும்படி அரை அடி பின்னால் நகர்ந்திருக்கலாம் என்பதையும் எழுதினேன்.

"ஜன்னல் இன்னும் வெள்ளையாத்தான் மாமா இருக்கு" என்று கேட்டாள். அந்தப் பழைய வார்த்தையை அவள் மறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தெரியும்படி வெளிச்சத்தைக் குறைத்திருந்தால் பாட்டி முகம் கருத்திருக்கும் என்று விளக்கினேன். வெளியே நாம் பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை, முதல் படத்திலேயே நீ செய்தது சரிதான், நான்தான் தப்பாகச் சொன்னேன், ஜன்னல் வெள்ளையாகவே இருக்கட்டும் என்று எழுதினேன்.

நேற்று மூன்று படம் அனுப்பியிருக்கிறாள். இன்று ராத்திரி பெரிய திரையில் போட்டுப் பார்க்க வேண்டும்.