செல்ஃப் எடுக்காத வண்டியை யாரும் அணைக்க மாட்டார்கள்

கிரீன் சர்க்கிள் சிக்னல், சி.எம்.சி. மருத்துவமனை வாசல், காட்பாடி ரயில் நிலையத்தின் ஆட்டோ வரிசை. வேலூரில் எங்கே பார்த்தாலும் நின்றுகொண்டே ஓடும் என்ஜின்கள்தான். பள்ளி விடும் நேரத்தில் சாலையோரம் வரிசையாக நிற்கும் பஸ்களும் அப்படித்தான். "என்ஜினை அணைக்கவும்" என்று பலகை வைத்தால் இரண்டு நாள் பலன் இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். டிரைவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது தவறு. டீசல் காசு அவர்கள் பையிலிருந்தோ முதலாளி பையிலிருந்தோதான் போகிறது. அணைக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது, அதுவும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் விழிப்புணர்வு மட்டும் பேசினால் வேலை நடக்காது.

ஆகவே ஸ்டாண்டிலோ பள்ளி வாசலிலோ போய் "அணைங்க" என்று சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, ஆஃப் பண்ணா திரும்ப எடுக்குமா?" வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். "செல்ஃப் வீக்கா இருக்கு", "ஏர் இறங்கிடும்", "கேஸ் வண்டி, சூட்டுல உடனே எடுக்காது", "உள்ள பிள்ளைங்க வெந்துடும்". இந்த நான்குக்கும் மருந்து தனித்தனி.

முதலில் ஒரு கணக்கு. பெரிய டீசல் பஸ் ஏ.சி. இல்லாமல் நின்று ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் குடிக்கும். 20 பஸ் உள்ள பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் ஓடவிட்டால் ஒரு நாளைக்கு 15 லிட்டர் ஆகிறது. 200 வேலை நாளில் 3,000 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்பதால் அது மட்டுமே எட்டு டன். புகை போகும் உயரத்தில்தான் முதல் வகுப்புப் பிள்ளையின் மூக்கு இருக்கிறது. இந்தக் கணக்கை உங்கள் பள்ளியின் பஸ் எண்ணிக்கையைப் போட்டு எழுதி, பெற்றோர் கூட்டத்தில் நிர்வாகத்திடம் கொடுங்கள். ரூபாயில் எழுதினால் இன்னும் சீக்கிரம் படிப்பார்கள்.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் அதிக எண்ணெய் போகும்" என்பது கார்புரேட்டரும் சோக்கும் இருந்த காலத்துப் பேச்சு. சூடான ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் எரிபொருள், பத்து விநாடி நின்று ஓடினால் ஆகும் அளவுகூட இல்லை. எனினும் செல்ஃப் மோட்டாரின் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்தால், நம் ஊர் சிக்னலில் 30 விநாடிக்கு மேல் நிற்கும் என்றால் அணைப்பது நியாயமான அளவு. எண்கள் ஓடும் சிக்னலில் ஐந்து வரும்போது ஸ்டார்ட் செய்தால் போதும்.

இப்போது செல்ஃப் விஷயம். வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் ஸ்டாண்டில் உள்ள அத்தனை வண்டியின் பேட்டரியையும் ஒரு காலையில் பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஆனால் உடனே புதுப் பேட்டரி வாங்கிவிடாதீர்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவ் கம்பத்திலும் மறு முனையை என்ஜின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த் கேபிளில் இருக்கிறது: துரு, தளர்ந்த போல்ட், பச்சை பூத்த முனை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் வேலை முடிந்தது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். குறைந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர் போயிருக்கும். 24 வோல்ட் பஸ்ஸுக்கு எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், எர்த் கேபிளின் அரை வோல்ட்டைத் தவிர. வெயிலூர் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. சித்திரை, வைகாசியில் பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றும். மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் வாரம் ஒருமுறை பார்த்து, பிளேட் மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, அதில் உள்ள உப்பு பிளேட்டைத் தின்றுவிடும்.

பஸ், லாரிக்கு "ஏர்" பெரிய காரணம். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பழைய பஸ்களில் இதை அதிகம் கேட்கலாம். அணைத்துவிட்டால் பிரேக் ஏர் இறங்கிவிடும், மறுபடி ஏர் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகும், ஆகவே ஓடவிடுகிறார்கள். உண்மையில் அது பாதுகாப்புக் கோளாறு. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஏரை நிறைத்து, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து கேஜைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் அழுத்தம் 2 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே போனால் குமிழி காட்டிக்கொடுக்கும். யூனியன் மூட்டு, ரப்பர் ஹோஸ், டேங்க்கின் டிரெய்ன் வால்வு, பிரேக் சேம்பரின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) என்ற வரிசையில் தேடுங்கள். கால் பிரேக் மிதித்தால் மட்டும் இறங்குகிறது என்றால் சேம்பர் பக்கம் பாருங்கள். தினமும் ஏர் டேங்க்கில் தண்ணீர் வடிக்காத வண்டியில் வால்வுகள் துருப்பிடித்துக் கசியும். ஏர் நிற்காத பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றுவது எந்த நியாயத்திலும் சேராது. என்ஜின் அணைப்பதைப் பற்றிய பேச்சு இந்தக் கோளாறை வெளியே கொண்டுவந்தால், மிச்சமாகும் டீசலைவிட அதுவே பெரிது.

விதிவிலக்கு இரண்டு உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே நின்றதும், அல்லது நெடுஞ்சாலையில் பாரத்தோடு விரைந்து வந்து நின்றதும், டர்போ என்ஜினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகும். ஊருக்குள் மெதுவாக வந்து நின்ற வண்டிக்கு இது வேண்டாம். இன்னொன்று, 2020 ஏப்ரலுக்குப் பின் பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரம். அதற்கான டேஷ்போர்டு விளக்கு எரியும்போது இடையில் அணைக்கக் கூடாது. ஆனால் அந்த வடிகட்டி அடிக்கடி அடைவதற்கே நின்று ஓடுவதும் ஒரு காரணம். புகைக்குழாய் சூடேறாததால் கரி எரியாமல் சேர்கிறது, யூரியா கரைசலால் நடக்க வேண்டிய சுத்திகரிப்பும் சரியாக நடப்பதில்லை. பிஎஸ்-6 வண்டிதானே, நின்று ஓடினால் என்ன என்று நினைக்க வேண்டாம்.

டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போகும்போது என்ஜினை ஓடவிட்டுப் போவது சட்டப்படியே குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126: பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். இதைச் சண்டைக்குப் பயன்படுத்த வேண்டாம். பள்ளி நிர்வாகம் டிரைவர்களுக்கு எழுதும் விதிமுறையில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.

சூடு பற்றி. வெயிலில் நின்ற பஸ்ஸில் பிள்ளைகளை உட்காரவைத்து என்ஜினை அணைக்கச் சொல்வது கொடுமை. பஸ் நிழலில் நிற்க வேண்டும், பிள்ளைகள் பள்ளி வராந்தாவில் நின்று கிளம்பும் நேரத்துக்கு ஏற வேண்டும். பஸ்கள் ஒரே நேரத்தில் குவியாமல் பத்து நிமிட இடைவெளியில் வரும்படி வரிசை போட்டால் நிழல் இருக்கும் இடமே போதும். ஸ்டாண்டுக்குப் புங்கன் வையுங்கள். கோடையிலும் தழைத்து நிற்கும்.

இனி கேஸ் வண்டி. எல்பிஜி, சிஎன்ஜி இரண்டும் பெட்ரோலைவிடச் சுத்தமாக எரிபவை, ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகும் எரிபொருளும்கூட. ஆனால் ட்யூனிங் கெட்ட கேஸ் ஆட்டோதான் ஸ்டாண்டில் அணைக்கப்படாமல் நிற்கும் வண்டி. இதைக் கவனித்தால் எரிபொருள் மாற்றமும் என்ஜின் அணைப்பும் ஒரே வேலை என்பது புரியும். கேஸைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். ஆகவே ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.6–0.7 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். தேய்ந்து அகன்ற பிளக்கும், வெடித்த பிளக் வயரும்தான் சூட்டில் எடுக்காததற்கு முதல் சந்தேகம். அடுத்தது வால்வு. கேஸில் ஓடும்போது வால்வு சீட் தேயும், வால்வு உள்ளே இறங்கும், வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வந்து கடைசியில் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரெஷன் போய்விடும், ஸ்லோ ஸ்பீடில் நின்றுவிடும். டேப்பட் சத்தம் இல்லாமல் வண்டி அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவது இங்கேதான் ஏமாற்றும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குச் சரிசெய்யுங்கள். கேஸ் அழுத்தத்தைக் குறைத்து என்ஜினுக்குத் தரும் எல்பிஜி ரெடியூசரின் அடியில் கறுப்பு எண்ணெய் சேரும். சூடாக இருக்கும்போது, கேஸ் வால்வை மூடிவிட்டு, டிரெய்ன் போல்ட்டைத் திறந்து வடிக்க வேண்டும். அது சேர்ந்தால் டயாஃப்ரம் விறைத்து கேஸ் அளவு தப்பும்.

எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு ஓடி மெக்கானிக் பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கும். சிஎன்ஜி லேசு, மேலே போய்க் கூரைக்கடியில் தேங்கும். ஷெட்டில் காற்றுப் போக வழி எங்கே வைக்க வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. சமையல் சிலிண்டரிலிருந்து ஆட்டோ டேங்க்குக்கு மாற்றுவதை எந்த ஸ்டாண்டும் அனுமதிக்கக் கூடாது. வண்டி டேங்க் 80 சதவீதத்தில் தானாக நிற்க வேண்டும். மீதி இடம் வெயிலில் திரவம் விரிவதற்காக. வீட்டில் ஊற்றும்போது அந்தக் கட்டுப்பாடு தப்பிவிடும்.

சிஎன்ஜி நிரப்பும்போது பயணிகள் இறங்கியே ஆக வேண்டும், அழுத்தம் 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு. வேகமாக நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும், சூட்டில் கேஸ் விரிவதால் மீட்டர் நிறைந்ததாகக் காட்டினாலும் கிலோ குறைவாகத்தான் இருக்கும். விடியற்காலையிலோ இரவிலோ போட்டால் கூடுதலாக ஏறும். லாரியில் சிலிண்டர் அடுக்கிக் கொண்டுவந்து தரும் பங்க்கில் அடுக்கு காலியாக ஆக அழுத்தம் இறங்கும். லாரி மாறிய உடனே போகும்படி பார்த்துக்கொண்டால் அரை டேங்க்கோடு திரும்ப வேண்டாம். பங்க் வரிசையில் என்ஜினை ஓடவிட்டு நிற்பது இருக்கிறதே, அதுதான் மனதை உறுத்துகிறது. அங்கே டோக்கன் முறை கேளுங்கள்.

எலக்ட்ரிக் ஆட்டோவுக்கு நின்று ஓடும் பிரச்சினையே இல்லை. 100 கி.மீ. ஓடச் சுமார் 8 யூனிட் ஆகும். தவறு நடக்கும் இடம் சார்ஜிங். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரவு முழுக்கச் செருகிவைத்தால் பிளக் உருகும். மெயின் போர்டிலிருந்து தனி வயர், குறைந்தது 2.5 சதுர மி.மீ., தூரம் அதிகமானால் 4, 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த், மின்கசிவு வந்தால் தானாக அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வேண்டும். மதியம் ஓடி வந்த சூட்டோடு செருகாமல் அரை மணி ஆறவிடுங்கள். ஐந்து வண்டி சேர்ந்து ஒரே இடத்தில் ஏற்றுவதாக இருந்தால் ஒரு வீட்டின் சிங்கிள் பேஸ் இணைப்பு தாங்காது, த்ரீ பேஸ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

ஓட்டல்களில் மிஞ்சும் பொரித்த எண்ணெயை நேராக டீசலில் கலந்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். அதன் கெட்டித்தன்மையால் இன்ஜெக்டர் முனையில் கரி அடைக்கும். அதை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து பயோடீசலாக்க வேண்டும், அது ஆலையின் வேலை. 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்தும், பொரித்த எண்ணெயைச் சேகரிக்கும் ரூக்கோ திட்டத்தில் இணைந்த சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம்.

மேலே சொன்ன சோதனைகளை ஸ்டாண்டிலேயே செய்ய முகாம் நடத்துவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஞாயிறு காலை ஆறு மணி, வண்டிகள் ஓடத் தொடங்கும் முன். டேப்பட் பார்க்கக் குளிர்ந்த என்ஜின் வேண்டும், பேட்டரிக்கும் அதுதான் சரியான நேரம். மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பானர், கம்பி பிரஷ், சோப்புத் தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர், டயர் கேஜ், நம்பிக்கையான ஒரு மெக்கானிக். ஒரு வண்டிக்குக் கால் மணி ஆகும், ஆகவே ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். முகாமுக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் ஒரே நேரத்தில் ஸ்டாண்டில் எத்தனை வண்டி நிற்கிறது, எத்தனை ஓடிக்கொண்டு நிற்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள்.

அதே நோட்டில் ஒவ்வொரு கேஸ் வண்டிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: சிலிண்டர் எண், கடைசியாக அழுத்தச் சோதனை செய்த தேதி, அடுத்த தேதி. சிஎன்ஜி சிலிண்டருக்கு மூன்று ஆண்டு, எல்பிஜி டேங்க்குக்கு ஐந்து ஆண்டு. தேதி தாண்டினால் பங்க்கில் கேஸ் போட மாட்டார்கள். வெளியில் கிட் பொருத்திய வண்டியாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் மாற்றம் பதிவாகியிருக்கிறதா, இன்ஷூரன்ஸிலும் ஏறியிருக்கிறதா என்று அந்த வரியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.