மூன்றாவது பேட்ச்

"அக்கா, மூணாவது பேட்ச்சையும் கிராஃப்ல போடணுமா?"

"வேணாம்மா, அது கண்டாமினேஷன்."

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த மாணவி கேட்டதற்கு, ஐந்து நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் பக்கம் நெரிசல் தொடங்குவதற்குள் வீட்டுக்குப் போகிற அவசரம் இருந்தது, ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அழற்சியைத் தூண்டும் எல்பிஎஸ் என்ற பாக்டீரியாப் பொருளைச் சேர்க்காத வெல்களில் (செல் வளர்க்கும் சிறு குழிகளில்), நாங்கள் செய்த வெறும் சீரியம் ஆக்சைடு துகளுக்கே மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டியிருந்தன. அழற்சியைத் தணிக்க வேண்டிய துகள் அழற்சியைக் கிளப்புகிறது என்றால் முதலில் எண்டோடாக்சினைத்தான், அதாவது தெரியாமல் கலந்துவிட்ட அதே எல்பிஎஸ்ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும், நானோ துகள்களில் அது சுலபமாக ஒட்டிக்கொள்ளும், துளியளவு போதும். முதல் இரண்டு பேட்ச்சில் இப்படி எதுவும் இல்லையே.

ஆனால் சந்தேகிப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்து ஒருமுறை ஓட்டியிருந்தால், டிஎன்எஃப் இறங்குகிறதா என்று பார்த்திருக்கலாம். அந்த வாரமே முடிகிற வேலை. அதற்குள் பேட்ச் கழிவுப் புட்டிக்குப் போய்விட்டது.

இப்போது என்னைக் குடைவது அதன் நிறம். மற்ற இரண்டையும்விட மஞ்சளாக இருந்தது. சீரியம் 3+, 4+ என்ற இரண்டு மின்னேற்ற நிலைகளில் மாறி மாறி நிற்பதால்தான் இந்தத் துகள், செல்லை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் நொதிகளான எஸ்ஓடியின் வேலையையும் கேட்டலேஸின் வேலையையும் தீர்ந்துபோகாமல் செய்கிறது, நாங்கள் நம்பியதே அதைத்தான். 4+ கூடினால் மஞ்சள் ஏறும், வேலையின் போக்கும் மாறும். அதோடு, அமிலச் சூழலில் இதே பொருள் ஆக்சிடேஸ் போல, அதாவது காப்பதற்குப் பதில் ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதி போல நடந்துகொள்ளும் என்று 2009-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. செல் விழுங்கிய துகள் போய்ச் சேருகிற லைசோசோமில், அதாவது செல்லின் செரிமானப் பையில், பிஎச் 4.5, 5 தான், அமிலம்தான். அப்படியானால் அந்த பேட்ச் உண்மையைத்தான் சொன்னதா? மற்ற இரண்டும் அதே லைசோசோமுக்குத்தானே போயின என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், அப்புறம் அந்த மஞ்சள் மறுபடி வந்து நிற்கிறது.

ஒரு நோயாளியின் மூட்டுக்குள் போகவேண்டும் என்று நினைத்துச் செய்கிற பொருள் இது.

அவள் அன்று "சரிக்கா" என்றாள். கேள்வி கேட்டது அவள், எடுத்துப் பார்த்திருக்க வேண்டியது நான்.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து மெசேஜ் அனுப்பினாள், தீசிஸில் எத்தனை பேட்ச் என்று போடட்டும் என்று. மூன்று என்று எழுதினேன். "அப்போ கிராஃபை மாத்தணுமே அக்கா" என்றாள். இன்னும் பதில் அனுப்பவில்லை.