வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம்

இந்த வருடம் பக்கத்துப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டீச்சர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "அக்கா, எல்லாப் பிள்ளைங்களும் ஒத்துமையா இருக்கற மாதிரி கிளாஸை எப்படிக் கொண்டு வர்றது? கதை, பாட்டு ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க."

கதையும் பாட்டும் நிறைய இருக்கின்றன. ஆனால் சுவரில் ஒற்றுமைப் படம் ஒட்டியிருக்கும் வகுப்பிலேயே, "ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு, எஸ்.சி. பிள்ளைங்க மட்டும் எந்திரிங்க" என்ற குரலையும் கேட்டிருக்கிறேன். யார் யார் எழுந்தார்கள் என்று மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு எந்தப் பாட்டு பாடி என்ன?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு பற்றித்தான் டிவியில் விவாதித்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவை வேறு: வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைச் சொல்லி அழைக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தை வெளியே தெரியாமல் கையாள வேண்டும். நாம் தினமும் செய்கிற வேலைகள் இவை. சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் நான் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் செய்துவிடுவேன். வகுப்பில் அந்தப் பேச்சே கிடையாது.

நான் திருப்பூரில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பாயில்தான் உட்காருகிறோம். 2025 ஜூலையில் 'ப' வடிவில் உட்கார வைக்கச் சொல்லி அறிவிப்பு வந்து, பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்று பெரிய சண்டையே நடந்தது. வடிவத்தைவிட யார் பக்கத்தில் யார் என்பதுதான் விஷயம். தானாக உட்காரவிட்டால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவார்கள். தெரு என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் இடத்தை அடிக்கடி மாற்றிவிடுவேன். குடம் எடுப்பது, பெருக்குவது, போர்டு துடைப்பது எல்லாமே முறை வைத்துத்தான். ஆண் பிள்ளைகளும் பெருக்குவார்கள்.

அப்புறம் அரும்பு, மொட்டு, மலர். 2022ல், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தர 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரிக்க வைத்த பெயர்கள். பெயர் என்னவோ அழகுதான், ஆனால் அரும்பு என்றால் கடைசி என்று பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். "அவன் அரும்புடா" என்பது வசவாகவே ஆகிவிட்டது. என் வகுப்பில் இதை உடைத்தது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன். அம்மா அப்பா இருவரும் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டில் ஒடியா பேசுகிறவனுக்கு இங்கே வைத்த பெயர் ஹிந்திக்காரன். தமிழில் அரும்பு, கணக்கில் மலர். கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தடுமாறும் பிள்ளைகளை அவனிடம் அனுப்பத் தொடங்கினேன். பாதி சைகை, பாதி குச்சி. குச்சிக் கட்டைப் பிரித்துப் பத்தையும் எடுத்து வைப்பான், அவர்களுக்குப் புரிந்துவிடும்.

அவனை நன்றாகப் படிக்கிற பிள்ளை பக்கத்தில் உட்கார வைக்கவில்லை. அவள் பாவப்பட்டு இவன் நோட்டிலும் எழுதிக் கொடுத்துவிடுவாள். வகுப்பிலேயே பெரிய வாயாடி ஒருத்தி இருக்கிறாள், அவள் பக்கத்தில் வைத்தேன். தமிழ் தானாக ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு இப்போது கண்ணாமூச்சி ஆட்டத்தில் எல்லோரும் ஏக, துயி, தினி, சாரி என்று ஒடியாவில் எண்ணுகிறார்கள். இதை நான் சொல்லித்தரவில்லை.

காது மெஷின் வைத்த பிள்ளை ஒருத்தியும் இருக்கிறாள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் சொன்னது ஒன்றுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது: போர்டைப் பார்த்தபடி பேசாதீர்கள். எழுதும்போது வாயை மூடிக்கொண்டு எழுதிவிட்டு, திரும்பி நின்று பேச வேண்டும். அவள் உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். சொல்லப்போனால் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறிக்குத் தள்ளி, நன்றாகக் கேட்கும் காது என் பக்கம் இருக்கிற மாதிரி அவள் இடம். இடம் மாற்றும்போது அவளைச் சுற்றி இருப்பவர்கள்தான் மாறுவார்கள். "உனக்குக் கேட்டுச்சா கண்ணு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் தலையாட்டிவிடுவாள். "நான் என்ன சொன்னேன், பக்கத்துல இருக்கறவங்ககிட்டச் சொல்லுங்க" என்று மொத்த வகுப்பையும் கேட்டால் யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும். மெஷினுக்கு உபரி பேட்டரி என் மேசை டிராயரில் இருக்கிறது.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. 2018ல் எங்கள் மாவட்டத்தில், அவிநாசிப் பக்கம், சத்துணவு சமைத்தவர் பட்டியல் சாதி என்பதற்காக ஊர்க்காரர்கள் எதிர்த்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் பொங்கல் போடும்போது நானும் தட்டெடுத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவேன். சில நாள் உப்பு கூட, சில நாள் குறைய. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

பெற்றோரைப் பிடிப்பதுதான் உண்மையிலேயே கஷ்டம். ஒன்றரை ஷிப்டு பார்க்கிறவர்களைப் பகல் கூட்டத்துக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன். ஒடிசாப் பையனின் அப்பா மாதக்கணக்கில் "சரி மேடம், சரி மேடம்" என்பதற்கு மேல் பேசியதில்லை. போன வாரம் அவரே கூப்பிட்டார். பையன் தங்கச்சியோடு முழுக்கத் தமிழிலேயே சண்டை போடுகிறானாம். யார் மேல் தப்பென்று அவருக்குப் புரியவில்லையாம். போனை அவர்கள் பக்கம் நீட்டி, கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.