இரவு ஷிப்ட், லெந்து நாட்கள்

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். சாயங்கால ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக கண்டெய்னர் யார்டுக்கு, வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்.

லெந்து என்கிற தவக்காலத்தில் கறி விட்டிருக்கிறேன், மீன் விட்டிருக்கிறேன். ஒரு வருஷம் டீகூட விட்டேன். விட வேண்டியதை, போனில் ஆபாசப் படம் பார்ப்பதை மட்டும் விட்டதே இல்லை. ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். இன்று ஒன்று.

மார்ச் 6

2.30-க்கு முகம் கழுவினேன். 3-க்கு மறுபடி. விடிந்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்ல எழுந்தேன். "பிசாசு என்னை ஒரு பழைய கட்டுல வச்சிருந்தான், எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். உட்கார்ந்த பிறகு வயிற்றைப் பிசைந்தது. நான் சொன்னதில் நான் எங்கேயுமே இல்லை. கட்டினவன் பிசாசு, அவிழ்க்க வேண்டியவர்கள் ஜெபிக்கிறவர்கள். போனை எடுத்தது யார்? கதவைத் தாழிட்டது யார்?

யாக்கோபு முதல் அதிகாரம்: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." தன்தன். சுய. ஒரே வரியில் இரண்டு தடவை விரல் என் பக்கம்தான் நீள்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

காசிமேட்டுக்கு, மாமனார் வீட்டுக்குப் போனேன். என் மனைவி டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தைதான் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. கொலுசைக் கழற்றி ஜன்னல் திண்டில், மாத்திரை டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "போன் எங்க?" என்றாள். சட்டைப்பையில் இருந்தது. பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 11

தூங்கவே இல்லை. எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். 2004, மணிக்கூண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், பிளைவுட் தடுப்பு, மணிக்கு 20 ரூபாய். 15 வயது. 20 ரூபாய் கிடைப்பது கஷ்டம், அதனாலேயே மாதம் ஒருமுறை. 2016-ல் டேட்டாவை இலவசமாக அள்ளிக் கொடுத்தபோது தடுப்பும் போயிற்று, 20 ரூபாயும் போயிற்று. 2018-ல் கோர்ட் உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு 827 தளங்களை முடக்கச் சொன்னது. சந்தோஷப்பட்டேன், சத்தியமாக. இனிமேல் தப்பித்தேன் என்று நினைத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வேறு வாசலைத் தேடிக் கண்டுபிடித்தேன். தேடினேன் என்பதுதான் விஷயம். அரசாங்கம் கதவைச் சாத்தியது, நான் சந்து சந்தாகப் போனேன்.

மார்ச் 12

புதுப் பையனுக்கு சீல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். கண்டெய்னர் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுகிற போல்ட் சீல். ஒரு விரல் நீள இரும்பு ஆணி, அடியில் குப்பி மாதிரி ஒரு மூடி. அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் பெரிய கட்டர் வைத்து வெட்டினால்தான் வரும். பையன் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பார்த்துவிட்டு "ஓகே ண்ணா" என்றான். அது போதாது. கண்ணால் பார், நம்பரை ஒத்துப் பார், பிடித்து இழு, திருகு. நாலும் செய்ய வேண்டும். வெட்டின சீலைப் பசை போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இழுத்தால் கையோடு வந்துவிடும்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. 10 வருஷமாக வெள்ளைச் சட்டை போட்டுக் காணிக்கைப் பை எடுக்கிறேன். ஒருவரும் என்னை இழுத்துப் பார்த்ததில்லை.

மார்ச் 14

14416-க்கு அடித்தேன். டெலி மானஸ், அரசு நடத்துகிற மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுக்கிறார்கள். ஒரு பெண் குரல் கேட்டதும் கட் பண்ணிவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தேன். அந்த அம்மா திட்டவில்லை, பதறவுமில்லை. "எந்த நேரத்துல சார்? அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் என்ன பண்ணிட்டிருப்பீங்க?" என்று கேட்டார். எனக்கு இருபது வருஷமாகத் தோன்றாத கேள்வி. 2 மணிக்கு என்ட்ரி முடியும். அடுத்த வண்டி 4-க்குத்தான். நாற்காலியைச் சாய்த்துக் காலை நீட்டுவேன். அங்கேதான் ஆரம்பம்.

இது நோயா என்று கேட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐசிடி 11-ல், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை என்று ஒன்று இருக்கிறதாம். போதைக் கணக்கில் சேர்க்கவில்லை, உந்துதலை அடக்க முடியாத வகையில் வைத்திருக்கிறார்களாம். தப்பு என்று மனசு உறுத்துவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட மாட்டார்கள், மாதக்கணக்கில் கட்டுப்படுத்த முடியாமல் குடும்பம், வேலை கெடுகிறதா என்று பார்ப்பார்களாம். நேரில் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

நோய் என்றால் கொஞ்சம் ஆறுதல். பாவம் என்றால் மன்னிப்பு உண்டு. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிடலாமா என்று காலைவரை மனசு அலைந்தது. சர்க்கரை இருக்கிறவர்கூட மாத்திரையை அவரேதான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன்.

மார்ச் 18

பர்மா பஜாரில் பட்டன் போன் வாங்கினேன். பழைய போனைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மச்சானிடம் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கிறது.

கண்டெய்னர் போட்டோ எடுக்க மட்டும் யார்டு போன். அது வாசலில் செக்யூரிட்டி அண்ணன் மேஜையில் இருக்கும்.

மார்ச் 20

டாக்டரைப் பார்த்தேன். தூக்கம் கெட்டிருப்பதுதான் முதல் வேலை என்றார். மறுபடி வரச் சொன்னார்.

மார்ச் 23, ஞாயிறு

2 சாமுவேல் 11. தாவீது உப்பரிகையில் உலாத்தினதைத்தான் எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்தை இன்றுதான் கவனித்தேன். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலம் அது. அவன் போகவில்லை. வேலை நேரத்தில் படுத்திருக்கிறான், சாயங்காலம்தான் எழுந்திருக்கிறான்.

2 மணி. சாய்வு நாற்காலி. நாளைக்கு அதை வெளியே போட்டுவிட வேண்டும்.

மார்ச் 27

இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 28

விழுந்துபோனேன்.

26 ராத்திரி புதுப் பையன் வரவில்லை. யார்டு போன் என் கையிலேயே இருந்தது. 2.50. ஹிஸ்டரியை அழித்தேன். அழிக்கும்போது கை நடுங்கவே இல்லை, அவ்வளவு பழக்கம். அதுதான் நேற்று முழுக்க என்னைக் கொன்றது.

கொரிந்தியர் வசனம் சின்ன வயதிலிருந்து மனப்பாடம். "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்." போக்கு வரவில்லை ஆண்டவரே என்று அழுதேன். அழுதுகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செக்யூரிட்டி அண்ணன் வாசலில் கொசுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். நடுவே ஒரே ஒரு கண்டெய்னர். 40 அடி. போனைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்திருக்கலாம். போக்கு அங்கேயே இருந்தது, பீடி குடித்துக்கொண்டு. நான்தான் நடக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

திருவிருந்துக்குப் போகவில்லை. வரிசை எழுந்தபோது உட்கார்ந்தே இருந்தேன்.

கிரேன் அங்கிள் கவனித்துவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஒரு காலத்தில் குடித்துக் குடித்து வீட்டையே அழித்தவர், குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்குகிற ஏ.ஏ. கூட்டத்துக்கு இன்றைக்கும் போகிறவர். ஆலயத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்காமல், பிசாசு பேரைச் சொல்லாமல். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை, கேட்டார்.

"1935-ல அமெரிக்காவுல ஏ.ஏ. எப்படி ஆரம்பிச்சுதுன்னு தெரியுமா தம்பி? ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரன்கிட்ட உண்மையைச் சொன்னான். அவ்ளோதான்" என்றார். அப்புறம், "வீட்ல சொல்லிட்டியா?" என்றார்.

அவள் பிடித்ததுதான், நான் சொன்னதில்லை என்றேன்.

"அது ரெண்டும் வேற வேற தம்பி."

மார்ச் 31

வேற வேற.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன்.

காசிமேட்டு வீட்டு மொட்டை மாடி. துணி காய்ந்துகொண்டிருந்தது. மாமா கடலுக்குப் போயிருந்தார். 26-ந் தேதி ராத்திரி நடந்ததைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததைவிட அது எத்தனை பழையது என்றும் சொன்னேன். மணிக்கூண்டு, 20 ரூபாய், கல்யாணத்துக்கு முந்தின வாரம், பெரியவள் பிறந்த வாரம். பெரியவள் பிறந்த வாரம் என்றபோது துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் அசிங்கமா இருக்கேனோன்னு நெனச்சேன்" என்றாள். "மூணு வருஷமா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை, இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இச்சை எனக்கும் ஆண்டவருக்கும் நடுவே உள்ள வழக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இவள் மூன்று வருஷமாகக் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கேள்வி கேட்டாள். எந்த போன், என்ன நேரம், காசு கட்டினியா, தெரிந்த பெண் யாராவது உண்டா. ஒன்று விடாமல் கேட்டாள். கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டாள். இழுத்தாள், திருகினாள். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன்.

இறங்கும்போது படியில் கையைக் கொடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஏப்ரல் 4

பட்டன் போனில் அவளிடமிருந்து ஒரு அழைப்பு. "ரெண்டரைக்கு நானும் முழிச்சுட்டுதான் இருக்கேன். உள்ள ஒதைக்குது, தூக்கம் வர்றதில்ல. அந்நேரத்துக்குப் போன் பண்ணு." வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5

2.30. "உம்" என்றாள். நானும் உம் என்றேன். 4 நிமிஷம்.

ஏப்ரல் 8

2.30. பெரியவள் தூக்கத்தில் பேசினதைச் சொன்னாள். 11 நிமிஷம்.

ஏப்ரல் 10

2.15-க்கே உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து வாசல்வரை போய் செக்யூரிட்டி அண்ணனோடு நின்றேன். 40 அடிதான். சங்கீதம் 51-ஐ நடந்துகொண்டே சொன்னேன். "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்." பழையதைக் கழுவித் தாரும் என்று மட்டும் கேட்கவில்லை தாவீது, சிருஷ்டியும் என்கிறான்.

ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. பெரியவள் ஓலையில் சிலுவை மடிக்கக் கற்றுக்கொண்டாள். எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தாள், கோணலாக. யார்டு கேபினில், நாற்காலி இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 15

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை, 61 நாள். மாமா வாசலில் வலையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூலைக் கோத்து, கிழிந்த கண்ணைச் சுற்றி முதலில் பிய்ந்த நூலையெல்லாம் கத்தியால் அறுத்து எடுக்கிறார். ஓட்டை இன்னும் பெரிதாகிறது. அப்புறம்தான் பின்னுகிறார். சும்மா இருக்கிற நாள் இல்லை, மாப்பிள்ளை, வருஷத்திலேயே வேலை ஜாஸ்தி இப்பதான் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடித்தேன். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. தெரிந்தே நூலைக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

12-லிருந்து 3 வரை ஆலயத்தில். சிலுவையில் இயேசு சொன்ன ஐந்தாம் வார்த்தை, "தாகமாயிருக்கிறேன்." அவருக்கும் உடம்பு இருந்தது. அதன் தாகமும் அவருக்குத் தெரியும். இதை இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேனா?

ஏப்ரல் 20

ஈஸ்டர். விடியற்காலை ஆராதனைக்கு அவளும் வந்தாள், ஒன்பது மாத வயிற்றோடு. திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனேன்.

ஏப்ரல் 21

போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

எண்ணுவதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை. மறுபடி கணக்குப் பார்த்தேன். விழாமல் 26 நாள். இரவு 2.30, 19 நிமிஷம்.

ஏப்ரல் 24

2.30-க்கு அடித்தேன், எடுக்கவில்லை. 2.35-க்கும் இல்லை. 2.40-க்கு மச்சான் எடுத்தான். ஆட்டோவில் இருக்கிறார்களாம், ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பின்னால் அவள் குரல் கேட்டது. "வேலைய யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டு வரச் சொல்லு."

வாசலில் 4 ட்ரெய்லர் நிற்கிறது. புதுப் பையனைக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் வந்ததும்